காத்திரு என்று வந்த சீட்டு

போன வாரம் நம்ம பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் எங்கள் பழைய எதிர்வீட்டுக்காரன் ஒரு கேள்வி போட்டிருந்தான். மகன் ஏழாவது முடித்துவிட்டானாம். கேம் விளையாட முதல்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கிறானாம். எந்த ஓ.எஸ். போடலாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தான். பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட வாய் திறக்காத ஆட்கள் எல்லாரும் கிளம்பி வந்துவிட்டீர்கள். விண்டோஸை விட்டால் வேறு கதி இல்லை என்றது ஒரு கட்சி. அதெல்லாம் பழைய கதை, இப்போது லினக்ஸிலேயே எல்லா ஆட்டமும் ஓடுகிறது என்றது எதிர்க்கட்சி. பெங்களூரில் இருக்கிறவள் இரண்டையும் போட்டுக்கொள் என்று நாட்டாமை செய்தாள். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

எழுத ஆரம்பித்தேன், அழித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். குரூப்பில் போடுகிற நீளத்தில் அது நிற்கவில்லை. எட்டாம் வகுப்பில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் நான் ஏன் உங்களில் ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்று அப்போது கேட்டீர்கள். பெரிய பவுசு வந்துவிட்டது என்றீர்கள். நம் எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, இனிச் சொல்லலாம். பவுசெல்லாம் ஒன்றும் இல்லை, அந்தக் கம்ப்யூட்டரில் ஒன்றுமே கிடையாது.

முதலில் அம்மாவைச் சொல்ல வேண்டும். அம்மா மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். பாளையங்கோட்டையில் நானும் அப்பாவும், அப்பாவின் அக்காவான எங்கள் அத்தையும். அம்மா போகும்போது நான் நான்காம் வகுப்பு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார், பேசி முடித்து ரிசீவரை என்னிடம் தரும்போது அம்மாவின் குரலில் பாதி அவசரம் ஏறியிருக்கும். சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெய் வச்சியா, பரீட்சை எப்படி. இந்த மூன்றோடு முடிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அம்மா வேறு மாதிரி பேசினாள். அங்கே ஒரு டாக்டர் வீட்டில் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவதைப் பார்த்தாளாம். கடற்கரை ஓரமாக ரோடு, ஒரு பக்கம் மலை. "நெசமாவே ஓட்டுத மாதிரி இருக்குட்டி. நான் கிறிஸ்மஸுக்கு வருவேன்லா, நம்ம ரெண்டு பேரும் சேந்து ஓட்டுவோம். சரியா?" என்றாள். சரி என்றேன். ரிசீவரை வைத்த பிறகும் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த மாதமே அந்த ஆட்டத்தின் சி.டி. வந்துவிட்டது. அம்மாவோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் ஒரு சிவப்புக் கார், வளைகிற ரோடு, கீழே கடல். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, சி.டி. மட்டும் இருந்தது. அதை பீரோவில் அம்மாவின் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சேலை வாசமும் பூச்சிக்குப் போட்ட ரசகற்பூர உருண்டை வாசமும் சேர்ந்து வரும். இன்றைக்கும் எந்த ஆட்டத்தின் பேரைக் கேட்டாலும் எனக்கு முதலில் வருவது ரசகற்பூர வாசம்தான்.

அந்தக் கிறிஸ்துமஸோடு அம்மாவின் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம், போடாவிட்டால் இங்கேயே இருந்துவிடலாம். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அப்பா அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அம்மா வந்தால் இங்கேயே இருக்கலாம் என்ற நினைப்பு அன்றைக்கு எனக்குள் வந்தது. அந்தக் காரும் கடலும் அம்மாவும் எனக்கு ஒன்றாகிவிட்டார்கள். கம்ப்யூட்டர் தயாராக இருந்தால் அம்மா உட்காருவாள், உட்கார்ந்துவிட்டால் எழுந்து போக மாட்டாள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

காலாண்டு லீவில் அப்பா என்னை முருகன்குறிச்சியில் ஒரு மாடிக் கடைக்கு அழைத்துப் போனார். பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக் கொடுக்கிற கடை. கடை அண்ணாச்சி ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு பேசினார். எல்லாம் பேசி முடிந்து கடைசியில், "விண்டோஸ நம்மளே போட்டுக் குடுத்துருவோம் சார். அதுக்குத் தனியா ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

"அது ஒரிஜினலா?" என்று அப்பா கேட்டார்.

"ஒரிஜினலா? சார், இத்தன வருசமா கடை வச்சிருக்கேன், ஒரிஜினல நான் கண்ணால பாத்தது கெடையாது."

"அப்ப அது களவுல்லா அண்ணாச்சி?"

அண்ணாச்சி ஸ்குரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். "களவுன்னா திருநெல்வேலி ஜில்லாவே உள்ளதான் இருக்கணும் சார்."

எங்கள் அப்பாவை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். ஆனால் ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு, களவு செய்யாதிருப்பாயாக உட்பட, பத்துக் கற்பனைகளையும் நடத்தியவர் அவர்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. கடிதத்தில் முத்திரை விழாத தபால்தலை ஒட்டி வந்தால் அதை யாரும் மறுபடி ஒட்டிவிடக் கூடாது என்று கிழித்துப் போடுகிற மனிதர். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்தால் நாங்கள் இறங்குகிற இடத்தைத் தாண்டியும் அவரைத் தேடிக்கொண்டு போவோம். அப்படிப்பட்டவர் காப்பியடித்த சி.டி.யை வீட்டுக்குள் விடுவாரா? பெட்டியை மட்டும் கொடுங்கள், உள்ளே ஒன்றும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு வழி இருந்தது. அப்பாவோடு வேலை பார்த்த பிசிக்ஸ் சார் ஒரு லினக்ஸ் சி.டி. கொடுத்திருந்தார். அது யாரும் யாருக்கும் கொடுக்கலாம், களவே கிடையாது. அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அதில் அம்மாவின் கார் ஓடாது என்று பிசிக்ஸ் சாரே சொன்னார். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். விண்டோஸ் என்று போட்டிருந்தது.

கம்ப்யூட்டர் வந்த அன்று சாயங்காலம் சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். நம் ஊரில் போதகரை ஐயர் என்போம். வெளியூரில் போய் இருக்கிற நீங்கள் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். புது வீடு, புது ஸ்கூட்டர் மாதிரி புதுக் கம்ப்யூட்டருக்கும் பிரதிஷ்டை. தெர்மாகோல் துகள் தரையெல்லாம் பறந்து ஐயரின் அங்கியில் ஒட்டிக்கொண்டது. மானிட்டரின் தலையில் கை வைத்து, இந்தப் பெட்டி இந்த வீட்டுக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று ஜெபித்தார். ஆமென் சொன்னதும், "போட்டுக் காட்டுங்க சார்" என்றார். அப்பா தன் சங்கடத்தைச் சொல்லி, காப்பி சி.டி. பாவமா இல்லையா என்று கேட்டார். ஐயர் கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் மென்றார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே அண்ணாச்சிதான் போட்டுக் கொடுத்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. "ஜெபத்துல வச்சி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மிக்சரையும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார்.

ஜெபத்தில் வைப்பது என்றால் எங்கள் வீட்டில் சீட்டுப் போடுவது. நம்மால் முடிவு பண்ண முடியாததை ஆண்டவரிடம் கேட்பதற்கு அது ஒரு வழி. மூன்று சீட்டு எழுத வேண்டும். இது, அது, இரண்டும் இல்லை என்றால் காத்திரு. மடித்து ஒரு டம்ளரில் போட்டு, எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணி, வீட்டில் கடைக்குட்டி யாரோ அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வந்தது வந்ததுதான், மறுபடி போடக் கூடாது. எங்கள் வீட்டில் கடைக்குட்டியும் தலைக்குட்டியும் நான் ஒருத்திதான்.

அன்றைக்கு அப்பா விண்டோஸ், லினக்ஸ், காத்திரு என்று எழுதி டம்ளரில் போட்டார். அதற்கு முன் நான் எடுத்த சீட்டு ஒன்றே ஒன்று. நான்காம் வகுப்பில், அதே எவர்சில்வர் டம்ளர், அதே பாய். போ, போகாதே, காத்திரு. நான் எடுத்துக் கொடுத்தேன், அப்பா பிரித்து வாசித்தார், போ என்று வந்திருந்தது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த மாதம் அம்மா மஸ்கட் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது யாரும் சீட்டே போடவில்லை. ஏற்கெனவே சொல்லியாச்சு என்ற மாதிரி அம்மா தானாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அந்த வலது கையால்தான் நான் எழுதினேன், சாப்பிட்டேன், உங்களோடு ஐந்தாங்கல் விளையாடினேன். அம்மாவை அனுப்பியது இந்தக் கைதான் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் இந்தத் தடவை இடது கையை நீட்டினேன்.

"அந்தக் கை இல்லட்டி, சோத்துக் கை" என்றார் அப்பா.

வலது கையைப் போட்டேன். மூன்று சீட்டுகளில் ஒன்று விரலில் தானாக வந்து ஒட்டியது. அதை விட்டுவிட்டு அடியில் கிடந்ததை எடுத்தேன். அப்பா பிரித்தார். அத்தை எட்டிப் பார்த்து, "காத்திருன்னுல்லா வந்திருக்கு" என்றாள்.

"கர்த்தர் பொறுக்கச் சொல்லுதார்" என்றார் அப்பா.

"எவ்வளவு நாளுப்பா?"

"அது சீட்டுல போடலைலா."

இப்போது யோசித்தால் அப்பா அன்றைக்கு விண்டோஸ் வர வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டிருக்க வேண்டும். அம்மா அனுப்பிய ஆட்டம் அவருக்கும் ஓட வேண்டியிருந்தது. மனசாட்சி விடாததை ஆண்டவர் அனுமதித்துவிட்டால் நல்லது என்று பார்த்திருப்பார். ஆனால் பழக்கதோஷத்தில் மூன்றாவது சீட்டையும் எழுதிப் போட்டார். எழுதாமல் விட்டிருந்தால் எங்கள் கதையே வேறு.

அந்த ஐப்பசி மழை உங்களுக்கு நினைவிருக்கும். குறுக்குத்துறையில் கோயில் முங்கித் தண்ணீர் போனது, பள்ளிக்கூடம் அடிக்கடி லீவு விட்டது. மழைக்கு வெளியே போக முடியாத பிள்ளைக்கு வீட்டில் புத்தம் புதுக் கம்ப்யூட்டர், அதில் ஒன்றும் இல்லை. அத்தை அதற்கு வெள்ளை நூலில் பூப்பூவாக ஒரு உறை பின்னிப் போட்டாள். மானிட்டருக்கு ஒன்று, கீ போர்டுக்கு ஒன்று, மவுஸுக்குத் தனியாகக் குழந்தைத் தொப்பி மாதிரி ஒன்று. நான் உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டு சுவிட்சைப் போடுவேன். உள்ளே காற்றாடி சுற்றும், புது பிளாஸ்டிக் சூடாகிற வாசம் வரும், பீப் என்று ஒரு சத்தம். பிறகு கறுப்புத் திரையில் ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு மினுக்கிக்கொண்டே இருக்கும். நானும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எதிர்வீட்டுக்காரன் ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தான். அவன் வீட்டில் காப்பி விண்டோஸ், காப்பி ஆட்டம், எல்லாம் காப்பி, எல்லாம் ஓடியது. "ஏட்டி, ஒங்க கம்ப்யூட்டருக்கு உசுரே இல்லையே" என்றான். மறுநாள் சட்டைக்குள் ஒரு சி.டி.யை ஒளித்துக்கொண்டு வந்தான். "ஒங்க அப்பா பள்ளிக்கூடத்துலேர்ந்து வாரதுக்குள்ள போட்டுருவேன். ஒங்க அத்த தூங்குதுலா? ஒருத்தருக்கும் தெரியாது."

என்னமாக ஆசையாக இருந்தது தெரியுமா? சி.டி. போடுகிற தட்டைக்கூடத் திறந்துவிட்டேன். வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் மூடிவிட்டேன். நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. போ என்று வந்த சீட்டுக்குக் கீழ்ப்படிந்தோம், அம்மாவுக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. காத்திரு என்று வந்ததற்குக் கீழ்ப்படியாவிட்டால் அம்மா வருகிற விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இதை அவனிடம் சொல்லவில்லை. "வேண்டாம்லே, போ" என்றேன். அவன் கோபித்துக்கொண்டு போனான். அதன் பிறகுதான் பவுசு என்ற பேச்சு பள்ளிக்கூடத்தில் கிளம்பியது.

மழை நாள் ஒன்றில் சும்மா சாவிகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பீப் சத்தத்துக்குப் பிறகு டெலீட் சாவியை அழுத்தினால் ஒரு நீலத் திரை வரும் என்று கண்டுபிடித்தேன். உயிர் இல்லாத கம்ப்யூட்டருக்குள்ளும் ஒன்று உயிரோடு இருந்தது, கடிகாரம். வெள்ளை எழுத்தில் மணி, நிமிஷம், விநாடி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. மேலே தேதி. இரண்டு சாவிகளை அழுத்தினால் தேதி மாறியது. ஐப்பசி மழை வெளியே கொட்டுகிறது, நான் மாதத்தை டிசம்பர் ஆக்கினேன். அம்மா வருகிற தேதியை வைத்தேன். கம்ப்யூட்டர் நம்பிவிட்டது.

மறுநாள் போட்டுப் பார்த்தால் அம்மா வந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பவும் பின்னால் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் வேலை. உறையை எடுப்பது, நீலத் திரைக்குப் போவது, தேதியை அம்மா வருகிற நாளுக்கே இழுத்து வைப்பது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த மழைக்காலம் முழுக்க ஒரே தேதிதான். என் வாழ்க்கையில் நான் ஆடிய முதல் கம்ப்யூட்டர் ஆட்டம் அது.

அப்புறம் ஒருநாள் அந்தத் தேதி நிஜமாகவே வந்தது. திருவனந்தபுரத்துக்கு வேன் பிடித்துப் போய் அழைத்துவந்தோம். அம்மா மெலிந்திருந்தாள். புது சோப்பு வாசமும் விமான வாசமும் கலந்து அடித்தது. நாங்குநேரி தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் எழுந்துவிடக் கூடாது என்று நான் பாளையங்கோட்டை வரைக்கும் அசையவில்லை. கை மரத்துப்போய்விட்டது.

வீட்டுக்குள் வந்து முகம் கழுவியதும், "எங்கட்டி கம்ப்யூட்டர்? போடு பாப்போம்" என்றாள். போட்டேன். காற்றாடி, பீப், கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு.

அம்மா அந்த ஆங்கில வரியை இரண்டு முறை வாசித்தாள். அப்பா சீட்டு விஷயத்தைச் சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தன நாளா இப்பிடியேவா கெடக்கு? ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா? கம்ப்யூட்டருக்கெல்லாமா சீட்டுப் போடுவாங்க?" கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். அப்புறம் அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, "சீட்ட யாரு எடுத்தா?" என்று கேட்டாள்.

"பாப்பாதான். வேற யாரு எடுக்க?" என்றார் அப்பா.

அம்மா என் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் முடிந்தது. பொங்கிய கறியும் சுட்ட முறுக்கும் தீர்ந்தன. ஒரு மத்தியானம் அப்பாவும் அம்மாவும் அடுக்களையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்ற பேச்சு. அப்பா, "சீட்டுப் போட்டுப் பாப்போமா?" என்றார். அம்மா கோபப்பட்டு நான் கேட்டதே கிடையாது, அன்றைக்குக் கேட்டேன்.

"போதும். அந்தப் புள்ள கைய இனிமே இதுல இழுக்காதீங்க. நான் அவகிட்டயே கேட்டுக்கிடுதேன்."

நான் ஓசைப்படாமல் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு வந்துவிட்டேன். என்னிடம் கேட்கப் போகிறாள். இதுவரை என் கையைத்தான் கேட்டார்கள், என் வாயை யாரும் கேட்டதில்லை. போகாதீங்கம்மா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். சபையில் பாட்டுக்கு நடுவே வாயசைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. கட்டிலுக்கு எதிரே கம்ப்யூட்டர் உறை போட்டுக்கொண்டு இருந்தது. அம்மா ரிப்பனை முடிந்துவிட்டு என்னைத் தன் பக்கம் திருப்பினாள்.

"உனக்கு என்னட்டி வேணும்? அம்மாகிட்ட சொல்லு. எதுன்னாலும் சொல்லு."

நான் சாப்பிடுவதை நீங்கள் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறீர்கள். கறித்துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுச் சோற்றை முழுக்கச் சாப்பிடுவேன். நல்லதைக் கடைசிக்கு வைக்கிற புத்தி. உங்களில் சிலர் அந்தக் கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு ஓடியும் இருக்கிறீர்கள். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். எதுன்னாலும் சொல்லு என்றாளே, ஒன்றுக்கு மேல் சொல்லலாம். சின்னதை முதலில் சொல்லிவிடுவோம், பெரியதைக் கடைசியில் நிறுத்தி நிதானமாகச் சொல்வோம் என்று நினைத்தேன்.

"விண்டோஸ்" என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "அம்புட்டுத்தானா?" என்றாள். சிரித்தாள். "அதுக்கா இந்த மூஞ்சி?" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டாள். நேரே போனுக்குப் போய்க் கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். "ஒரிஜினலே வேணும் அண்ணாச்சி. எங்கன கெடைச்சாலும் வாங்கிக் குடுங்க. எங்க வீட்டுச் சாருக்கு மனசு கேக்கணும்."

நான் கட்டிலில் அப்படியே இருந்தேன். அடுத்தது வாய் வரைக்கும் வந்து நின்றது. அம்மா போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து மறுபடி கேட்பாள் என்று இருந்தேன். அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஒரிஜினல் மதுரையிலிருந்து வந்தது. அட்டைப் பெட்டி, அதன் மேல் மினுமினுக்கிற ஸ்டிக்கர். அண்ணாச்சி தானே ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் கோயில் பிரசாதம் என்று தோன்றும். "வாழ்க்கையில மொத தடவ சார்" என்று அப்பாவிடம் சொல்லி, வாசித்து வாசித்துப் போட்டுக் கொடுத்தார். காத்திரு சொன்னவரே வழியும் காட்டிவிட்டார் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான்.

அம்மாவும் நானும் கார் ஓட்டினோம். அம்மா வளைவில் எல்லாம் போய் மலையில் முட்டினாள். எதிர்த்திசையில் ஓட்டினாள். திரையில் சிவப்பாக எச்சரிக்கை வரும், "அது கெடக்கு" என்பாள். முட்டும்போதெல்லாம் உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து என் மேல் விழுவாள். ஓர் இடத்தில் ரோடு கடலுக்குப் பக்கத்தில் வரும். அங்கே வந்தால் மட்டும், "இங்கன கொஞ்சம் நிப்பாட்டுட்டி" என்பாள். மற்ற கார்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் பறக்கும். நாங்கள் ஓரமாக நிறுத்திக் கடலைப் பார்ப்போம். "மஸ்கட்டு இப்பிடித்தான் இருக்கும். மல மட்டும் இன்னும் கறுப்பு" என்பாள். ஒரு பந்தயத்திலும் நாங்கள் ஜெயிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எதையும் ஆடியதில்லை.

ஜனவரியில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவளை அனுப்பிவிட்டு வந்த அன்றே கம்ப்யூட்டரின் தேதியை, இரண்டு வருஷம் கழித்து அம்மா வருகிற நாளுக்குத் தள்ளி வைத்தேன். இப்போது அதற்கு உயிர் வந்துவிட்டதால் அந்தத் தேதி எங்கும் போய் ஒட்டிக்கொண்டது. அப்பா அச்சடித்துக் கொண்டுபோன மாதப் பரீட்சைக் கேள்வித்தாளில் வருஷம் தவறி நின்றது நினைவிருக்கிறதா? நீங்கள் எல்லாரும் சிரித்தீர்களே, அது என் வேலை. அப்பா வீட்டுக்கு வந்து சரியாக்கினார். மறுநாள் நான் தள்ளி வைத்தேன். அவர் சரியாக்கினார், நான் தள்ளினேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கொஞ்ச நாளில் அவர் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேள்வித்தாளில் தேதியைக் கையால் எழுத ஆரம்பித்தார்.

இரண்டு வருஷம் இன்னொரு இரண்டானது, பிறகு இன்னொன்று. அம்மா மொத்தமாகத் திரும்பி வந்தபோது நான் காலேஜ் விடுதியில் இருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரை அதற்குள் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஒரிஜினல் பெட்டியை மட்டும் அப்பா கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தார்.

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது நான் காரை ஓட்டினேன், அம்மா பக்கத்தில். நாங்குநேரி நெருங்கும்போது வெயில் தாழ்ந்து காற்றாலைக் காற்றாடிகள் எல்லாம் மஞ்சள் அடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மா சட்டென்று, "இங்கன கொஞ்சம் நிப்பாட்டுட்டி" என்றாள். நிறுத்தினேன். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னைக்கு நீ விண்டோஸ் கேட்டேல்லா" என்றாள்.

"ஆமா."

"போகாதீங்கன்னு சொல்லுவன்னு நெனச்சுட்டுத்தான் ஒன்கிட்ட கேட்டேன். நீ சொல்லிட்டா இருந்துரணும்னு முடிவோட இருந்தேன். நீ கம்ப்யூட்டரக் கேட்ட. சரி, புள்ள நம்ம இல்லாமயே பழகிட்டுன்னு எந்திரிச்சேன். அங்கனயே இருந்தா அழுதுருப்பேன்."

அந்தச் சாயங்காலம் சொல்லாமல் விட்ட சொல் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். "அடுத்தது அதத்தாம்மா சொல்ல இருந்தேன்" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. கியரில் இருந்த என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அங்கன கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்றாள். வெளிச்சம் போகிற வரைக்கும் அங்கேயே நின்றிருந்தோம்.

ஏலே எதிர்வீட்டுக்காரா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். இந்தக் காலத்தில் எதைப் போட்டாலும் ஓடும். எங்களிடம் ஏன் கேட்கிறாய், உன் மகனிடம் கேள். அவன் ஏதோ ஒன்றின் பேரைச் சொல்வான். சொன்னதும் சரி என்று எழுந்துவிடாதே. கொஞ்ச நேரம் அங்கனயே இரு.